கைநாட்டு ஒருத்தர் தேவை

நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். சத்தியம்! வழக்கமாக நான் சொல்வதில் கொஞ்சம் மசாலா தூக்கலாக இருக்கும் என்று திருமுல்லைவாயில் முழுக்கத் தெரியும். இது மசாலா போடாதது. வெறும் உப்பு மட்டும்தான்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை, கோதுமை அரைத்துக்கொண்டு வருவது.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கிடையாது. அதைக்கூட என் சம்சாரம் சரோஜா வாசலில் நின்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள்.

"நேரா மில்லுக்குப் போ. அரைச்சிகினு நேரா ஊட்டுக்கு வா. நடுவுல எவனாவது கெடைச்சான்னு கதை வுட்டுகினு நிக்காதே!"

நேராகத்தான் போனேன். போன நேரம் பாருங்கள், மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அரை மணி ஆவும் பெரியவரே. பையை வச்சிட்டு அப்டிக் குந்துங்க" என்றார் மில்காரர்.

குந்தினேன். மிளகாய் நெடியில் அஞ்சு தும்மல். ஆறாவது தும்மலில் மூக்குக்கண்ணாடி எகிறி மடியில் விழுந்தது. இது சரிப்படாது என்று எழுந்துபோய்ப் பக்கத்துக் கட்டடத்துப் படியில் உட்கார்ந்தேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பம்.

அது சமுதாயக் கூடம். சாயங்காலத்தில் அங்கே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற அரசாங்க வகுப்பு நடக்கும். அந்த வகுப்பு டீச்சர் கவிதா வெளியே வந்து தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தது. சவாரி கிடைக்காத ஆட்டோக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. கடைசியில் பார்வை என்மேல் வந்து நின்றது.

"தாத்தா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? எஸ்.எஸ்.எல்.சி. பாஸு! அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.!"

டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று. "சே!" என்றது.

என் படிப்பைக் கேட்டு ஒருத்தர் துக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நான் படிச்சதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

"அப்படி இல்ல தாத்தா. இந்த வகுப்புக்கு அரசாங்கம் பணம் ஒதுக்குது. கடைசியா வச்ச தேர்வுல எங்க பத்தொன்பது பேரும் பாஸ் பண்ணிட்டாங்க."

"நல்ல விஷயந்தானே!"

"பாஸ் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுன்னு மையத்தை மூடிருவாங்க."

"அப்போ ஃபெயிலாயிருக்கலாமே?"

"ஃபெயிலாயிருந்தா, பிரயோஜனமில்லன்னு அப்பவே மூடியிருப்பாங்க."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் பூட்டுதான். இதைக் கண்டுபிடித்தவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

"இன்னிக்கு ஆபீசர் மேடம் வர்றாங்க. இந்த ஏரியாவுல எழுதப் படிக்கத் தெரியாதவங்க ஒருத்தராவது பாக்கி இருந்தா ஆறு மாசம் நீட்டிப்பாங்க. காலையிலேருந்து தெருத் தெருவா அலையறேன் தாத்தா. ஒரே ஒரு கைநாட்டு கிடைக்கல!"

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல். "டீச்சர், இந்த அண்ணாத்தேயைப் புடிச்சுப் போடு. மூஞ்சி பொருத்தமாத்தான் கீது."

கிளியம்மா! கோவில்பதாகைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கிற வேலை. எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். எனக்குத் தங்கச்சி முறை இல்லை, ஆனால் என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு முறை தேவைப்பட்டதும் இல்லை.

"உனக்குத்தான் படிக்க வந்துடுச்சாமே கிளியம்மா? அப்புறம் இன்னாத்துக்கு வகுப்பு?"

"படிக்க வந்துதானே நாசமாப் போனேன்!" என்று வெளியே வந்தாள். "கேளு அண்ணாத்தே. அந்த ஃப்ளாட்டுல ஏழு மாடி. மூணு வருசமா லிஃப்டுலதான் போய்கினு வந்துகினு இருந்தேன். லிஃப்டுல ஏதோ காயிதம் ஒட்டிகினு இருந்துது. சாமி படம் இல்ல, அதனால நான் கண்டுக்கல. இங்க வந்து நாலு மாசம் படிச்சேன். ஒருநாள் லிஃப்டுல போறப்போ எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்."

"இன்னா போட்டிருந்துது?"

"'பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.' அன்னிலேருந்து படியிலதான் ஏறிகினு கீறேன்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் அடிப்பாள் என்று தும்முவதுபோல் சமாளித்தேன்.

"சிரிக்காத. தெரியாம போனது வேற. தெரிஞ்சு போனா நாளைக்கி ஃப்ளாட்டு செக்ரட்டரி ஒரு வார்த்தை கேட்டுடுவான். முட்டி ரெண்டும் மிக்சி கணக்கா கத்துது. அந்தக் காயிதத்துக்குக் கீழ நான் பதில் எழுதி ஒட்டணும். தப்பில்லாம எழுதணும். ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் விஷயத்தை வுட்டுட்டு எழுத்தைப் பார்த்துச் சிரிப்பானுங்க. எனக்குப் படிக்க வருது, தப்பில்லாம எழுத இன்னும் வரல. இப்போ மூடினா ஆயுசுக்கும் படிதான்."

இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்? அதுவும் நடிக்கக் கூப்பிட்டால் நான் எங்கே சும்மா இருப்பேன்?

"அரை மணி நேரம் படிக்காதவனா இருக்கணும், அவ்ளோதானே? வுடு. அசத்திடறேன்!"

"அசத்தாதே!" என்றாள் கிளியம்மா. "வாயை மூடிகினு குந்து. நீ வாயைத் தொறந்தாதான் எனக்கு பயமா கீது."

உள்ளே போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். படிக்காதவர் கண்ணாடி போடமாட்டார் என்று என் எண்ணம். கிளியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆபீசரம்மா வந்தார். நல்ல மரியாதையான அம்மா. எந்த ஊர் தண்ணியோ தெரியாது, அவர் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"புதுசா சேர்றவர் நீங்களா ஐயா? பேர் என்ன?"

நிஜப் பேரைச் சொன்னால் மானம் போகும். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏயுமலை மேடம்."

"ஏ-ழு-மலை" என்று எழுதிக்கொண்டார். அவர் நாக்கு அந்த 'ழு'வுக்கு மடங்கின அழகைப் பார்க்க வேண்டுமே! எங்கள் பக்கத்தில் நாக்கை அவ்வளவு மடக்க மாட்டோம். சுளுக்கிக்கொள்ளும்.

"ஆதார் இருக்கா?"

"ஊட்ல கீது மேடம்."

"அப்புறம் கொண்டாங்க. இங்க கைநாட்டு வைங்க."

மை டப்பாவை நீட்டினார். கட்டை விரலை இறக்கினேன். எஸ்.எஸ்.எல்.சி. விரல்! பட்டென்று ஒரு முத்திரை. எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் எல்லாரும் மேலே வரிசையாக நின்று தலையில் அடித்துக்கொள்வது காதில் கேட்டது.

"சின்ன வயசுல ஏன் படிக்க முடியல?"

இங்கே நான் "வசதி இல்ல மேடம்" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் பத்தொன்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று வார்த்தையில் நிறுத்த எனக்குப் பழக்கமில்லை.

"மொத நாளு பள்ளிக்கூடம் போனேன் மேடம். ஏரிக்கரை ஓரமாப் போறப்போ ஒரு முதலை வந்து என் சிலேட்டை முழுங்கிடுச்சு. அதோட படிப்பு நின்னுபோச்சு."

பேனா நின்றது. "ஆவடி ஏரியில முதலையா?"

"அப்போ இருந்துது மேடம். இப்போ ஃப்ளாட்டு வந்துடுச்சு இல்ல? அதுங்களுக்கு வாடகை கட்டுப்படியாவல. காலி பண்ணிட்டுப் போயிடுச்சுங்க."

முன்னாலிருந்து கிளியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த முதலையே பயந்திருக்கும்.

ஆபீசரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். "'கற்றல் ஆர்வத்துக்கான காரணம்'னு ஒரு கேள்வி. இந்த வயசுல எதுக்காகப் படிக்கணும்னு தோணுச்சு?"

"கண்ணை மூடறதுக்குள்ள என் கல்யாணப் பத்திரிகையைப் படிச்சிடணும் மேடம். அதுல இன்னா எழுதியிருந்துதுன்னு தெரியாமலே போய் மாட்டிகினேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆபீசரம்மாவும் சிரித்துவிட்டார். டீச்சர் கவிதாவுக்கு மூச்சு வந்தது. படிவத்தில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குள் டீயும் பஜ்ஜியும் வந்துவிட்டன. "சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றார் ஆபீசரம்மா.

அந்தப் பஜ்ஜி வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்குத் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பேன்.

வாழைக்காய் பஜ்ஜி. பேப்பரைக் கிழித்து அதில் வைத்துக் கொடுத்தார்கள். முதல் கடியில் கண் தானாகத் தாளுக்குப் போயிற்று. எண்ணெய் படிந்தாலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஒரு மாப்பிள்ளை, தாலி கட்டுகிற நேரத்தில் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி மண்டபத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடியிருக்கிறார். பெண் வீட்டார் நாலு பைக்கில் விரட்டுகிறார்கள். மாப்பிள்ளை ரயிலில் ஏறிவிடுகிறார். ரயில்...

கிழிந்துபோயிருந்தது.

"அடடா! மிச்சப் பேப்பர் யார்கிட்ட கீது?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். எப்போது கண்ணாடியை எடுத்து மாட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஆபீசரம்மா தன் பஜ்ஜியைத் தூக்கி அடியிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அரக்கோணத்துல பிடிச்சுட்டாங்களாம்" என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றேன்.

அப்புறம்தான் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை என்று கவனித்தேன். பக்கத்து மில்லில் மிளகாய் அரைபடுவது மட்டும் கேட்டது.

"படிக்கல மேடம்" என்று கிளியம்மா எழுந்தாள். "படம் பார்த்துகினு இருந்தாரு."

ஆபீசரம்மா என் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு படமும் இல்லை. "பாவம், வயசானவர். படிக்கத் தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி ஆசையாக் காட்டிக்கிட்டு..." என்று ஏதோ இரக்கமாக ஆரம்பித்தார்.

அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றேன். "மேடம், நான் பாவம் இல்ல. எஸ்.எஸ்.எல்.சி. பாஸு!"

முடிந்தது கதை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஆபீசரம்மா படிவத்தை மடித்தார். "கவிதா, நீங்க நல்லாத்தான் நடத்தறீங்க. ஆனா இல்லாத ஆளைக் காட்டி நான் நீட்டிக்க முடியாது. இன்னியோட மூடிருவோம்."

கிளியம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. நோட்டை மூடி, பையில் வைத்து, பையின் கயிற்றை இறுக்கி முடி போட்டாள். "அண்ணாத்தே, உன்னை வாயை மூடிகினு குந்தச் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

எழுபத்திரண்டு வயதில் எனக்கு அழுகை வந்தது. பஜ்ஜியில் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஐயா, நீங்க பொய்ப் பேர்ல சேர்ந்ததுக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார் ஆபீசரம்மா. "உங்க நிஜப் பேர் போட்டு, நாலு வரி. ஃபைல்ல வைக்கணும்."

"தாராளமா!" என்றேன். போன மானத்தைப் பிடிக்க இதுதான் வழி. எஸ்.எஸ்.எல்.சி. என்றால் என்னவென்று காட்டிவிடலாம்!

பேனாவைப் பிடித்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"பேனா சரியா எழுதல" என்றேன். வேறு பேனா கொடுத்தார்கள்.

"வெளிச்சம் பத்தல." டியூப் லைட்டைப் போட்டார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எழுதினது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான். ரிடையரானதும் போன் வந்துவிட்டது. நீங்கள் படிக்கிற இதைக்கூட நான் எழுதவில்லை. போனிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது அதற்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் போன் சட்டையில் இருந்தது. கேட்க வெட்கம். அரை மணி போராடி எழுதி முடித்தேன். முடிப்பதற்குள் பத்தொன்பது பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கிளியம்மா தோளுக்குமேல் எட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'மதிப்பிர்க்குறிய அம்மா அவர்கலுக்கு, நாண் படித்தவண். ஏளுமலை என்று பொய் சொண்ணது என் தவரு. இணிமேல் இப்படி செய்யமாட்டேண் என்று உருதி கூருகிறேன்.'

"அண்ணாத்தே" என்றாள் கிளியம்மா. "தவறுக்கு இன்னா 'ரு' போட்டுகிற? பெரிய 'று' இல்ல அது?"

"எது?"

"தவறு! தவறுன்னு எழுதினதே தவறா கீதே!"

கூடம் அதிர்ந்தது. "அவர்கள்னா சின்ன 'ல' வராது தாத்தா" என்று ஒரு அம்மா. "உறுதியும் உருண்டுகினு கீது" என்று இன்னொருத்தி. "மூணு சுழி போட்டு நானுக்கு வெட்கம் வரவச்சிட்டியே மாமே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போன வருஷம் வரை பேனாவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள் என் எஸ்.எஸ்.எல்.சி.யைக் கோழி உரிப்பதுபோல் உரித்துப் போட்டார்கள்.

ஆபீசரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கினார். ஒருமுறை படித்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்குள் கை ஓய்ந்து பேனாவை மூடிவிட்டார். மடித்து வைத்த படிவத்தைத் திரும்ப விரித்தார்.

"கவிதா, இதுல என்ன போட்டிருக்கு? 'எழுதப் படிக்கத் தெரியாதவர்.' சரியா?"

"ஆமா மேடம்."

"'படிக்க'ங்கறதை அடிச்சுடறேன்." அடித்தார். "எழுதத் தெரியாதவர். இவருக்குச் சரியாத்தான் வருது. பேரை மட்டும் நிஜப் பேரா மாத்துங்க. கைநாட்டு ஏற்கெனவே இருக்கு. ஆறு மாசம் நீட்டிச்சாச்சு."

நான் வாயைத் திறந்தேன். "மேடம், ஆனா எஸ்.எஸ்..."

"அண்ணாத்தே!" என்றாள் கிளியம்மா.

மூடிக்கொண்டேன்.

செவ்வாய், வெள்ளி வகுப்பு. ஒருநாள் தவறினால் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே வந்துவிடுகிறது. கிளியம்மா ஏழெட்டு வாரம் எழுதி எழுதி அடித்து, கடைசியில் ஒரு சாயங்காலம் பெரிய தாளில் முத்து முத்தாக எழுதி முடித்தாள். மறுநாள் லிஃப்டில் செக்ரட்டரி நோட்டீசுக்குக் கீழே ஒட்டினாள்.

'பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றால், ஏழாவது மாடிக் குப்பையை ஏழாவது மாடிக்காரரே படி வழியாகக் கீழே கொண்டு வரவும். இப்படிக்கு, கிளியம்மா.'

ஒரு எழுத்து தப்பில்லை. மறுநாள் காலை போனால் இரண்டு காகிதமும் இல்லையாம். செக்ரட்டரி எதிரே வந்து, "ஏறுங்கம்மா, எந்த மாடி?" என்று கேட்டாராம். இந்தக் கடைசி வரியில் மட்டும் மசாலா இருந்தால் அது கிளியம்மா போட்டது, நான் இல்லை.

இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வருகிறாள். அடுத்தது சம்பளம் ஏற்றச் சொல்லி ஒரு லெட்டராம். அதற்கு இன்னும் ஆறு மாசம் வேண்டுமாம். அதனால் நான் தேறிவிடக் கூடாதாம்.

டீச்சரும் காதோரம் வந்து அதையேதான் கெஞ்சுகிறது. "தாத்தா, கொஞ்சம் மெதுவா. சீக்கிரம் பாஸாயிடாதீங்க."

அந்தக் கவலையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக நான் தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் வீட்டுக்குப் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். கோதுமையை மில்லிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நின்றேன். சரோஜா இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"மாவு எங்க? கட்டை விரல்ல இன்னா மை?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னேன். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் இப்போது அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மக்களே, இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னவன் யார் என்பதை மட்டும் மூச்சு விடாதீர்கள். வீட்டில் என்னை அங்கே வாத்தியார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.